பிழைத்த கோழிகளின் வரலாறு: கம்போரோ நோயும் நோயெதிர்ப்பு ஒடுக்க வைரஸ்கள் பற்றிய ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

கோழிகளின் நோயெதிர்ப்புத் திறனை ஒடுக்கும் வைரஸ் நோய்களுள் கம்போரோ நோய் முதன்மையானது. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய், தொடக்கத்தில் சிறுநீரக நோயாகக் கருதப்பட்டது. நோயில் இறந்த கோழிகளைவிடப் பிழைத்த கோழிகளிடமே பெரிய பாதிப்பு தங்கியிருந்தது என்பது 1972இல்தான் தெளிவாயிற்று. இக்கட்டுரை அந்த அறிவு மாற்றத்தைக் காலவரிசையில் விளக்குகிறது. மேரக் நோய், கோழிக் குருதிச்சோகை நோய் ஆகியவற்றுடன் ஒப்பிடுகிறது. கட்டுப்பாட்டு முறைகள் ஒரு சிக்கலைத் தீர்க்கும்போதே மற்றொரு சிக்கலுக்கு இடமளித்தமையையும் சுட்டுகிறது. நோயெதிர்ப்பு ஒடுக்க நோய்களின் வரலாற்றை இறப்பு எண்ணிக்கையின் அடிப்படையில் மட்டும் எழுத இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கம்போரோ நோய், பர்சா, நோயெதிர்ப்பு ஒடுக்கம், தாய்வழி எதிர்ப்பொருள், மேரக் நோய், தடுப்பூசி வரலாறு.

முன்னுரை

வளர்ப்புப் பறவைகளின் நோய் வரலாறு பெரும்பாலும் இறப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த ஊரில் கோழிகள் மடிந்தன, நோய்க்காரணி எப்போது பிரித்தெடுக்கப்பட்டது, தடுப்பூசி எப்போது கிடைத்தது என்னும் வரிசையில் அது அமைகிறது. இராணிக்கெட் போன்ற கொள்ளைநோய்களுக்கு இவ்வரிசை ஓரளவு பொருந்தும். நோயெதிர்ப்புத் திறனை ஒடுக்கும் வைரஸ்களுக்கு இது பொருந்துவதில்லை. இவை தாக்கிய பண்ணையில் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளக்கூடும். பார்வைக்கு நலமாகவும் தோன்றக்கூடும். ஆயினும் பின்னர் இடப்படும் தடுப்பூசிகள் அவற்றில் முழுப்பயன் தருவதில்லை. பிற கோழிகளைப் பெரிதும் வருத்தாத கிருமிகளும் அவற்றை எளிதில் வீழ்த்துகின்றன. இறப்புப் பதிவேட்டில் அந்த இழப்பு வேறொரு நோயின் பெயரில் இடம்பெறுகிறது.

கண்ணுக்குப் புலனாகாத இவ்விழப்பை ஆய்வாளர்கள் எவ்வாறு கண்டறிந்தனர்? கண்டறிந்தபின் மேற்கொண்ட கட்டுப்பாட்டு முறைகள் நோயை எவ்வாறு மாற்றின? இவ்விரு வினாக்களுக்கும் கம்போரோ நோயின் வரலாற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விடை காண முயல்கிறது. மேரக் நோயும் கோழிக் குருதிச்சோகை நோயும் ஒப்பீட்டு அளவில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பயன் அறியப்படாத ஓர் உறுப்பு

கம்போரோ நோயின் வரலாற்றை அந்நோய் தாக்கும் உறுப்பின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பறவைகளின் கழிவாயின் மேற்புறத்தில் சிறு பை போன்ற உறுப்பு ஒன்று உள்ளது. இளம்பருவத்தில் வளர்ந்து, பறவை இனமுதிர்ச்சி அடையும்போது சுருங்கி மறைவது இதன் இயல்பு. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூற்றியல் கற்பித்தவரும் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியின் ஆசிரியருமான ஃபேப்ரீசியஸ் இதனை விளக்கினார். அவர் 1619இல் மறைந்தபின், 1621இல் வெளியான முட்டை, குஞ்சு ஆகியவற்றின் உருவாக்கம் பற்றிய நூலில் அவ்விளக்கம் இடம்பெற்றது. பெட்டைக்கோழி சேவலின் விந்தைச் சேமித்து வைக்கும் இடம் இது என்று அவர் கருதினார். இலத்தீன் மொழியில் பை எனப் பொருள்படும் 'பர்சா' என்னும் சொல்லோடு அவர் பெயர் சேர்ந்து இவ்வுறுப்பின் பெயராயிற்று.

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் பர்சாவின் பணி தெளிவாகவில்லை. 1950களின் முற்பகுதியில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த புரூஸ் கிளிக், குஞ்சுகளின் பர்சாவை அகற்றி வளர்ச்சியில் மாற்றம் நேர்கிறதா என ஆராய்ந்தார். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதே துறையின் மற்றொரு மாணவரான திமோதி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைச் செய்துகாட்டக் கோழிகள் தேவைப்பட்டபோது கிளிக்கிடமிருந்து அவற்றைப் பெற்றார். சால்மொனெல்லா நுண்ணுயிரியிலிருந்து எடுத்த பொருள் அவற்றுக்குச் செலுத்தப்பட்டது. பர்சா அகற்றப்பட்ட கோழிகளுள் பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. குருதியில் நோய்க்கிருமியை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே எதிர்ப்பொருள் எனப்படுகிறது. வகுப்புச் செயல்விளக்கம் என்ற அளவில் தோல்வியாக முடிந்த நிகழ்வு, பர்சாவின் பணியை அறிவதற்கு வழிவகுத்தது.

கிளிக், சாங், ஜாப் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் ஏற்கவில்லை. 1956இல் கோழியியல் துறைக்குரிய இதழில் அது வெளியாயிற்று. மருத்துவ ஆய்வாளர்களின் கவனத்தை உடனடியாகப் பெறவில்லை. 1965இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் முதலியோர் கோழியின் நோயெதிர்ப்பு அமைப்பு இரு கிளைகளாக இயங்குவதை நிறுவினர். ஒரு கிளை தைமஸ் சுரப்பியையும் மற்றொன்று பர்சாவையும் சார்ந்தது. எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள் பின்னர் 'பி' செல்கள் எனப் பெயர்பெற்றபோது, பர்சாவின் முதலெழுத்தே அப்பெயருக்கு அடிப்படையாயிற்று. மனித மருத்துவ நூல்களில் இன்று வழங்கும் அச்சொல் கோழி ஆய்விலிருந்து பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இங்குக் கால ஒப்புமை ஒன்று கவனத்திற்குரியது. கம்போரோ நோய் முதன்முதலில் தோன்றிய 1957ஆம் ஆண்டுக்கு ஓராண்டுக்கு முன்பே பர்சாவின் பணி அச்சில் வந்துவிட்டது. ஆனால் நோயையும் உறுப்பின் பணியையும் இணைத்துப் பார்ப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

சிறுநீரக நோய் எனக் கருதப்பட்ட காலம்

கம்போரோ என்பது டெலவேர் மாநிலத்தின் தென்பகுதியில் சசெக்ஸ் கவுண்டியில் உள்ள சிற்றூர். இவ்வட்டாரம் அமெரிக்க இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்க இடமாகக் கருதப்படுவது. 1923இல் இதே கவுண்டியின் ஓஷன் வியூ என்னும் ஊரைச் சேர்ந்த சிசில் ஸ்டீல், 50 குஞ்சுகள் கேட்டிருந்தபோது 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பாமல் இறைச்சிக்காக வளர்த்து விற்று அவர் ஆதாயம் கண்டார். அவரைப் பின்பற்றிப் பலரும் இத்தொழிலில் இறங்கினர். ஒரே வயதுடைய ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒரே கொட்டகையில் வளர்ப்பதும், ஒரு தொகுதி விற்றவுடன் அடுத்த தொகுதியை அதே இடத்தில் விடுவதும் வழக்கமாயின. வெளிச்சூழலில் நெடுங்காலம் தாங்கக்கூடிய வைரஸுக்கு இவ்வமைப்பு மிகவும் இசைவானது.

1957இல் இவ்வட்டாரப் பண்ணைகளில் புதிய நோய் ஒன்று காணப்பட்டது. 3 முதல் 6 வார வயதுடைய குஞ்சுகள் இறகு சிலிர்த்து, நடுக்கமுற்று, வெண்ணிற நீர்க்கழிச்சலுடன் சோர்ந்து கிடந்தன. சில தம் கழிவாயைத் தாமே கொத்திக்கொண்டன. நோய் திடீரெனத் தோன்றி ஒரு வாரத்துக்குள் தணிந்தது. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது தசைகளில் குருதிக்கசிவும், வீங்கி உப்புப் படிந்த சிறுநீரகங்களும், பெருத்த பர்சாவும் காணப்பட்டன. 1962இல் இந்நோயை முறையாக விவரித்த காஸ்குரோவ், சிறுநீரகச் சிதைவை முதன்மையாகக் கொண்டு 'பறவைச் சிறுநீரக நோய்' எனப் பொருள்படும் பெயரிட்டார்.

அக்காலத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மூச்சுக்குழல் அழற்சி வைரஸ் ஒன்றும் பரவியிருந்தது. நோயுற்ற கோழிகளின் சிறுநீரகங்களிலிருந்து விண்டர்ஃபீல்டும் ஹிட்ச்னரும் அவ்வைரஸையே பிரித்தெடுத்தனர். இரு நோய்களும் ஒன்றே என்னும் எண்ணம் உருவாயிற்று. அவ்வைரஸுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கோழிகளும் கம்போரோ நோய்க்கு ஆளாவதும் அவற்றின் பர்சா சிதைவதும் கண்டறியப்பட்டபோதுதான் இவை வேறு வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. வைரஸை வளர்ப்பதிலும் தடை இருந்தது. பண்ணைக் கோழிகள் பலவும் முன்பே இத்தொற்றுக்கு ஆளாகியிருந்தமையால் அவற்றின் முட்டைக்கருவில் எதிர்ப்பொருள் இருந்தது. அம்முட்டைகளில் வைரஸ் வளரவில்லை. தொற்று அறியாத கோழிகளின் முட்டைகளும், செலுத்துவதற்கு உரிய சவ்வும் தேவை என்பது படிப்படியாகவே உணரப்பட்டது.

1970இல் ஹிட்ச்னர் இந்நோய்க்குத் 'தொற்றுப் பர்சா நோய்' எனப் பெயரிட முன்மொழிந்தார். சிறுநீரகத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து பர்சாவுக்கும் பெயர் நகர்ந்தமை ஆய்வாளர்களின் கவனம் நகர்ந்த திசையைக் காட்டுகிறது. சிறுநீரக மாற்றம் பெரும்பாலும் நீரிழப்பின் விளைவு. நோயின் இருப்பிடம் பர்சாவே.

1972: இராணிக்கெட் தடுப்பூசியின் சான்று

பர்சா தாக்கப்படுகிறது என்பதை அறிவது வேறு; அதனால் பிழைத்த கோழிக்கு என்ன நேர்கிறது என்பதை அறிவது வேறு. இரண்டாவது உண்மைக்குச் சான்றளித்தது மற்றொரு நோயின் தடுப்பூசி.

1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் ஜாவாத் தீவிலும் பதிவான கோழிக்கொள்ளைநோய், 1928இல் இமயமலை அடிவாரத்து இராணிக்கெட் ஊரில் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் அவ்வூரின் பெயராலேயே அது வழங்குகிறது. இந்நோய்க்கான தடுப்பூசி உலகெங்கும் பரவலான பிறகு, குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவை எளிய சோதனையால் அறிய முடிந்தது. நோயெதிர்ப்பு அமைப்பு செம்மையாக இயங்குகிறதா என்பதை அளக்கும் கருவியாக இத்தடுப்பூசி பயன்பட்டது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன், ஃபராகர், கல்லன் ஆகியோர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கம்போரோ தொற்றுக்கு இளவயதில் ஆளான குஞ்சுகள் இராணிக்கெட் தடுப்பூசிக்கு மிகக் குறைந்த எதிர்வினையே காட்டின என்பதை நிறுவினர். 1974இல் ஃபராகரும் உடனாய்வாளர்களும் இதனை விரிவுபடுத்தினர். முதல் நாளிலேயே தொற்றுக்கு ஆளான குஞ்சுகளில் ஒடுக்கம் மிகுதி. ஒரு வாரத்தில் ஆளானவற்றில் மிதமானது. மூன்று வாரத்தில் ஆளானவற்றில் மிகக் குறைவு.

இம்முடிவின் சிறப்பு அதன் தலைகீழ்த் தன்மையில் உள்ளது. மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளே நோய்க்குறிகளுடன் இறக்கின்றன. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளில் நோய்க்குறி பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆனால் நிலையான சேதம் அவற்றுக்கே நேர்கிறது. வைரஸ் பர்சாவில் வளர்ந்துவரும் பி செல்களை அழிக்கிறது. முதல் வாரங்களில் அச்செல்கள் இன்னும் உடலின் பிற உறுப்புகளுக்குப் போதிய அளவு குடியேறியிருப்பதில்லை. அந்நிலையில் பர்சா அழிந்தால் எதிர்ப்பொருள் உருவாக்கும் ஆற்றலே குன்றிவிடுகிறது. கிளிக் கத்தியால் செய்ததை இவ்வைரஸ் இயற்கையில் செய்கிறது எனலாம்.

அமைதியாக இருந்த கோழித்தொகுதியே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்னும் இக்கருத்து, அதுவரை பண்ணைகளில் நிகழ்ந்த தடுப்பூசித் தோல்விகளை மறுபார்வைக்கு உட்படுத்தியது. தடுப்பூசி மருந்தின் தரம், குளிர்பதனக் குறைபாடு, இடும் முறையின் பிழை என விளக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதிக்குக் கோழியின் உடலிலேயே காரணம் இருக்கலாம் என்பது புலனாயிற்று.

வைரஸின் நிலைப்புத்தன்மையும் தாய்வழிப் பாதுகாப்பும்

நோயைக் கட்டுப்படுத்துவதில் முதல் தடை வைரஸின் உறுதி. பென்டன், கவர், ரோசன்பெர்கர் ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயுற்ற கோழிகளை அகற்றி 122 நாள்கள் கடந்தபின்னும் கொட்டகையில் தொற்றும் தன்மை எஞ்சியிருந்தது. நீர், தீவனம், எச்சம் ஆகியவற்றில் 52 நாள்கள் வரை வைரஸ் நிலைத்திருந்தது. ஆழ்கூளத்தில் வாழும் வண்டுகளின் புழுக்களில் நோய் தோன்றி எட்டு வாரங்கள் கழித்தும் வைரஸ் காணப்பட்டதாக அதே காலத்து ஆய்வொன்று கூறுகிறது. தூய்மைப்படுத்துவதால் மட்டும் பண்ணையிலிருந்து இவ்வைரஸை முற்றிலும் நீக்குவது அரிது என்பதை இம்முடிவுகள் உணர்த்தின. இதனால் தடுப்பூசியின் இடம் முதன்மை பெற்றது.

குஞ்சுக்கு முதல் வாரங்களில் பாதுகாப்பளிப்பது தாயின் முட்டைக்கரு வழியாகப் பெற்ற எதிர்ப்பொருள். தாய்க்கோழிகளுக்கு முதலில் உயிர்த் தடுப்பூசியும் முட்டையிடும் பருவத்துக்கு முன் எண்ணெய் கலந்த செயலிழந்த தடுப்பூசியும் இட்டு, குஞ்சுகளுக்கு மிகுந்த பாதுகாப்பை வழங்கும் முறை 1970களின் பிற்பகுதியில் வளர்ந்தது. மிகுந்த சேதம் நேரும் வயதில் குஞ்சு பாதுகாக்கப்பட வேண்டும் என்னும் 1972இன் முடிவே இம்முறைக்கு அடிப்படை.

ஆனால் தாய்வழி எதிர்ப்பொருள் வைரஸைத் தடுப்பது போலவே உயிர்த் தடுப்பூசியையும் தடுக்கிறது. குஞ்சின் குருதியில் அது ஏறக்குறைய 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. குறையும் வேகம் இறைச்சிக்கோழியில் மிகுதி, முட்டைக்கோழியில் சற்றே குறைவு. தடுப்பூசியை முன்கூட்டியே இட்டால் அது பலிக்காது. காலந்தாழ்த்தினால் பண்ணை வைரஸ் முந்திவிடும். ஒரே தொகுதியிலும் குஞ்சுக்குக் குஞ்சு எதிர்ப்பொருள் அளவு வேறுபடுவதால் எல்லாக் குஞ்சுகளுக்கும் பொருந்தும் ஒரே நாள் என்பது இல்லை. குருதி மாதிரிகளின் அளவீட்டிலிருந்து தடுப்பூசி நாளைக் கணிக்கும் முறை நெதர்லாந்தின் தெவெந்தர் நகரப் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இச்சிக்கலுக்கு மற்றொரு தீர்வாக வீரியம் மிகுந்த தடுப்பூசிகள் உருவாயின. மென்மையான தடுப்பூசி தாய்வழி எதிர்ப்பொருளைக் கடந்து செல்வதில்லை. இடைநிலை வகை ஓரளவு கடக்கும். அதனினும் வீரியமானவை மேலும் எளிதாகக் கடக்கும். ஆயினும் வீரியம் கூடுந்தோறும் தடுப்பூசியே பர்சாவைச் சிதைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நோயெதிர்ப்பு ஒடுக்கத்தைத் தடுக்க இடும் மருந்து ஓரளவு ஒடுக்கத்தை உண்டாக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. எவ்வளவு சேதத்தை ஏற்றுக்கொண்டு எவ்வளவு பாதுகாப்பைப் பெறுவது என்பது அறிவியல் வினாவாக மட்டுமன்றிப் பண்ணையாளரின் பொருளியல் முடிவாகவும் மாறிற்று.

இருவகை மாற்றங்கள்: டெல்மார்வாவும் ஐரோப்பாவும்

1980களில் வைரஸ் இரு இடங்களில் இரு வேறு வகைகளில் மாறியது. முதல் மாற்றம் கம்போரோ அமைந்துள்ள டெல்மார்வா தீபகற்பத்திலேயே நிகழ்ந்தது. தடுப்பூசி பெற்ற தொகுதிகளிலிருந்து 1980களின் நடுப்பகுதியில் ரோசன்பெர்கர் முதலியோர் பிரித்தெடுத்த வைரஸ்கள், பழைய வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருளால் முழுமையாகத் தடுக்கப்படவில்லை. இம்மாற்றுவகைகள் குஞ்சுகளைக் கொல்வது அரிது; பர்சாவில் வீக்கத்தையும் உண்டாக்குவதில்லை. சில நாள்களிலேயே பர்சா சுருங்கிவிடுகிறது. நோய்க்குறியோ இறப்போ இன்றி ஒடுக்கம் மட்டும் எஞ்சும் நிலை இது.

இரண்டாம் மாற்றம் ஐரோப்பாவில் தோன்றியது. 1986 முதல் நெதர்லாந்து, பெல்ஜியம், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி முதலிய இடங்களில் தடுப்பூசி பெற்ற கோழிகளும் பெருமளவில் மடிந்தன. முட்டைக்கோழிக் குஞ்சுகளில் 70 விழுக்காடு வரை இறப்பு நேர்ந்த தொகுதிகளும் இருந்தன. இவ்வதிவீரிய வைரஸ் 1990 அளவில் ஜப்பானையும், தொடர்ந்து ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பல நாடுகளையும் அடைந்தது. புறத்தோற்றத்தில் இது பழைய வைரஸை ஒத்திருந்தது. பழைய தடுப்பூசியின் எதிர்ப்பொருள் இதனை அடையாளங்கண்டது. ஆயினும், பழைய வைரஸைத் தடுக்கப் போதுமான தாய்வழி எதிர்ப்பொருள் அளவு இதனைத் தடுக்கப் போதவில்லை.

ஒன்று எதிர்ப்பொருளின் அடையாளங்காணலிலிருந்து தப்பியது. மற்றொன்று எதிர்ப்பொருளின் அளவைக் கடந்தது. தடுப்பூசியின் அழுத்தம் இம்மாற்றங்களுக்குக் காரணமா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. காலவரிசை அவ்வாறு எண்ணத் தூண்டினும், முன்பின் நிகழ்ந்தமையே காரணத் தொடர்பை மெய்ப்பிப்பதாகாது. செறிந்த வளர்ப்பு, குஞ்சு வணிகம், வைரஸின் இயல்பான மரபணு மாற்றம் ஆகியனவும் கருதத்தக்கன. உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றே: எல்லாக் கோழிகளும் ஒரே வகை எதிர்ப்பைப் பெற்றிருந்த சூழலில், அவ்வெதிர்ப்பைக் கடக்கக்கூடிய வைரஸுக்கே எதிர்காலம் இருந்தது.

மேரக் நோய்: பிழைத்தவற்றின் மறுபக்கம்

இவ்வினாவை மேலும் தெளிவாக ஆராய மேரக் நோய் வாய்ப்பளிக்கிறது. 1907இல் புடாபெஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரக், கால்களும் இறக்கைகளும் செயலிழந்த நான்கு சேவல்களில் நரம்பு அழற்சியைக் கண்டு விவரித்தார். நோய்க்காரணி ஹெர்பஸ் வகை வைரஸ் என்பதை 1967இல் இங்கிலாந்தின் ஹௌட்டன் கோழி ஆய்வு நிலையத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் நிறுவினர். இவ்வைரஸ் முதலில் பி செல்களையும் பின்னர்த் தைமஸ் சார்ந்த டி செல்களையும் தாக்கி ஒடுக்கத்தை உண்டாக்குகிறது. பின்பு டி செல்களைப் புற்றுச்செல்களாக மாற்றுகிறது.

1969இல் ஹௌட்டனில் வீரியம் குறைந்த தடுப்பூசி உருவாயிற்று. அமெரிக்காவில் வான்கோழியின் ஹெர்பஸ் வைரஸைக் கொண்ட தடுப்பூசி 1970இல் அறிவிக்கப்பட்டு விரைவில் பயன்பாட்டுக்கு வந்தது. இயற்கையில் தோன்றும் புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசிகள் இவை என்பதால் மருத்துவ வரலாற்றில் இவற்றுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் இவை நோயைத் தடுத்தனவேயன்றித் தொற்றைத் தடுக்கவில்லை. தடுப்பூசி பெற்ற கோழியின் உடலிலும் வைரஸ் பெருகி, இறகுக்குழிச் செல்களின் துகள்களோடு வெளியேறியது. அடுத்த இருபதாண்டுகளில் மேலும் வீரியமுள்ள வைரஸ்கள் அடுத்தடுத்துத் தோன்றின; 1980களில் இருவைரஸ் தடுப்பூசியும், 1990களில் நெதர்லாந்தின் ரிஸ்பென்ஸ் தடுப்பூசியும் அமெரிக்கப் பண்ணைகளுக்குத் தேவைப்பட்டன. வீரிய உயர்வின் இப்படிநிலைகளை 1997இல் விட்டர் வகைப்படுத்தினார்.

2015இல் ஆண்ட்ரூ ரீடும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட சோதனை முடிவுகள் இவ்விவாதத்தில் முக்கியமானவை. மிகுவீரிய வைரஸ் தொற்றிய, தடுப்பூசி பெறாத கோழிகள் வைரஸை அதிகம் வெளியேற்றும் முன்பே இறந்தன. தடுப்பூசி பெற்றவை உயிர் பிழைத்து, நெடுநாள் வைரஸைப் பரப்பின. தடுப்பூசி மிகுவீரிய வைரஸை உருவாக்கியது என்று இச்சோதனை கூறவில்லை. அத்தகைய வைரஸ் நிலைத்துப் பரவ வழியமைக்கக்கூடும் என்பதையே காட்டியது. தடுப்பூசி பெற்ற கோழிக்கு நன்மை விளைந்தது. பெறாத கோழிக்கு இடர் மிகுந்தது.

கணக்கேட்டில் தெரிந்த நோய்

1979இல் ஜப்பானில் யுவாசாவும் உடனாய்வாளர்களும் குஞ்சுகளில் குருதிச்சோகையை உண்டாக்கும் நுண்காரணி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். எலும்பு மச்சையிலுள்ள குருதி முன்னோடிச் செல்களையும் தைமஸ் செல்களையும் தாக்கும் மிகச் சிறிய வைரஸ் அது. இயல்பாக வயது கூடக்கூட இந்நோய்க்கு எதிர்ப்பு வளரும். கம்போரோ வைரஸும் உடன் தொற்றும்போது அவ்வெதிர்ப்புக் குன்றுகிறது என்பதை யுவாசா குழுவினர் 1980இல் காட்டினர். ஒடுக்க நோய்கள் ஒன்றுக்கொன்று வழிதிறப்பவை என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இத்தகைய நோயின் உண்மையான அளவை அறிய வேறொரு வகைச் சான்று தேவைப்பட்டது. வட அயர்லாந்தில் மெக்கில்ராய், மெக்நல்டி முதலியோர் பண்ணைகளின் வரவு செலவுப் பதிவுகளையும் குருதிச் சோதனைகளையும் இணைத்து ஆராய்ந்தனர். 1989இல் கம்போரோ நோய் பற்றியும் 1991இல் குருதிச்சோகை வைரஸ் பற்றியும் வெளியான அவ்வாய்வுகள், நோய்க்குறி ஏதும் காட்டாத தொகுதிகளிலும் தொற்று இருந்தால் வருவாய் குறைவதை மெய்ப்பித்தன. இறப்புப் பதிவேட்டில் இடம்பெறாத நோய் கணக்கேட்டில் தடம் பதித்திருந்தது.

2000களில் மேரக் தடுப்பூசியான வான்கோழி ஹெர்பஸ் வைரஸிலேயே கம்போரோ வைரஸின் புறப்புரத மரபணுவைப் பொருத்திய தடுப்பூசிகள் பயன்பாட்டுக்கு வந்தன. முட்டைக்குள்ளோ முதல் நாளிலோ இவற்றை இடலாம்; தாய்வழி எதிர்ப்பொருள் இவற்றைப் பெரிதும் தடுப்பதில்லை; இவை பர்சாவையும் சிதைப்பதில்லை. இரு நோய்களின் ஆய்வு வரலாறுகள் ஒரே மருந்துக்குப்பியில் இணைந்தன எனலாம்.

தமிழ்ச் சூழலில் ஒரு குறிப்பு

இந்தியாவில் கம்போரோ நோய் 1971இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து பதிவாயிற்று. 1990களின் முற்பகுதியில் அதிவீரிய வைரஸ் நாட்டின் பல பகுதிகளில் பேரிழப்பை உண்டாக்கியது. முட்டைக்கோழிப் பண்ணைகள் செறிந்த நாமக்கல் வட்டாரத்தைக் கொண்ட தமிழகத்துக்கு இவ்வரலாறு அயலானதன்று.

தமிழில் கால்நடை நோய்களுக்கு வழங்கும் பழம்பெயர்கள் கண்ணால் காணும் குறியை அடிப்படையாகக் கொண்டவை பலவாகும். வெள்ளைக்கழிச்சல், கோழியம்மை, தொண்டை அடைப்பான் முதலியன இதற்குச் சான்று. கம்போரோ, மேரக் ஆகியவற்றுக்கு இத்தகைய வழக்குப்பெயர் தோன்றவில்லை. இவை பிற்காலத்தில் பண்ணைத் தொழிலோடு வந்தவை என்பது ஒரு காரணம். ஒடுக்கம் என்பது தானே புறத்தில் தெரியும் குறியற்றது என்பது மற்றொரு காரணமாகலாம். கோழி வெள்ளைக்கழிச்சலில் இறந்தால் அப்பெயரிலேயே அந்த இறப்பு நினைவுகொள்ளப்படுகிறது; முன்னரே பர்சாவை அழித்த தொற்றுக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. வாய்மொழித் தரவுகளைக் கொண்டு கால்நடை நோய் வரலாறு எழுதுவோர், 'தடுப்பூசி போட்டும் கழிச்சல் வந்தது' என்னும் கூற்றை மருந்தின் குறையாகவோ கூறுவோரின் மறதியாகவோ ஒதுக்கிவிடாமல் தனித் தரவாகக் கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கம்போரோ நோயின் பெயர் சிறுநீரகத்திலிருந்து பர்சாவுக்கு மாறியமை, இறந்த கோழியின் உடலில் மிகுதியாகத் தெரிந்த மாற்றமே நோயின் மையம் என்னும் எண்ணம் கைவிடப்பட்டதைக் காட்டுகிறது.

2. நோயெதிர்ப்பு ஒடுக்கம் நேரடியாகக் காணப்படவில்லை. இராணிக்கெட் தடுப்பூசியின் தோல்வி, பிற தொற்றுகளின் மிகுதி, பண்ணையின் வருவாய்க் குறைவு ஆகிய மறைமுகச் சான்றுகளால் அது அறியப்பட்டது.

3. கட்டுப்பாட்டு முறை ஒவ்வொன்றும் தனக்குரிய விலையைக் கொண்டிருந்தது. தாய்வழிப் பாதுகாப்பு தடுப்பூசிக்குத் தடையாயிற்று. வீரியத் தடுப்பூசி பர்சாவைச் சிதைத்தது. தொற்றைத் தடுக்காத மேரக் தடுப்பூசி மிகுவீரிய வைரஸ் பரவ இடமளித்தது.

4. தடுப்பூசி இன்றி இன்றைய செறிவுமிக்க கோழி வளர்ப்பு நிலைபெற இயலாது. அதே வேளையில் தடுப்பூசியை மட்டும் நம்பிய வளர்ப்பும் நிலையானதாக இல்லை. கொட்டகைத் தூய்மை, ஒரே வயதுத் தொகுதிகளை ஒருசேர விடுத்து ஒருசேர அகற்றுதல், தொகுதிகளுக்கிடையே போதிய இடைவெளி ஆகியவை 1967இன் 122 நாள் சோதனை உணர்த்திய அளவுக்கு இன்றும் தேவையானவை.

இறப்பு எண்ணிக்கை குறைந்தமையை மட்டும் கொண்டு இந்நோய்களை வென்றுவிட்டதாக எழுதுவது வரலாற்றுப் பிழையாகும். பிழைத்த கோழி எத்தகைய உடலோடு பிழைத்தது, எவ்வைரஸைச் சுமந்து வாழ்ந்தது என்னும் வினாக்களையும் நோய் வரலாறு தன் எல்லைக்குள் கொள்ளவேண்டும். பண்ணைப் பதிவேடுகள், தடுப்பூசி அட்டவணைகள், விற்பனைக் கணக்குகள் ஆகியவை அதற்குரிய மூலங்கள். தமிழகப் பண்ணைகளின் இத்தகைய ஆவணங்கள் தொகுக்கப்படின் நோய் வரலாற்றோடு அண்மைக்காலப் பொருளியல் வரலாறும் தெளிவுபெறும்.